பழைய வண்டியின் பின்பக்க சீல்

மொன்டானா,
செப்டம்பர் 21

அன்புள்ள லோவெல்,

இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஆஸ்திரேலியச் செம்மண்ணில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன், அப்படியே இருக்கவேண்டும். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆறு வருடத்தில் கிறிஸ்துமஸ் அட்டையின் அடியில் பெயரைப் போட்டதைத் தவிர உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இது நம் பிக்கப் வண்டியின் பின்பக்க ஆயில் சீலை, எஞ்சின் எண்ணெய் வெளியே ஒழுகாமல் தடுக்கும் அந்த ரப்பர் வளையத்தைப் பற்றிய கடிதம். ஆமாம், அதே சீல்தான். எதனால் நீயும் நானும் பேச்சை விட்டோமோ, எதனால் நீ இந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறாயோ அது. தப்பு யாருடையது என்று இந்தக் கோடையில் தெரிந்துபோயிற்று. கிழித்துப் போடாமல் கடைசிவரை படி, அதற்கப்புறம் உன் இஷ்டம்.

மற்ற சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா திட்டுவாள். கோதுமை சுமார்தான், ஜூனில் பெய்த ஆலங்கட்டி மழை வடக்கு வயலை அடித்துப் போட்டுவிட்டது, தெற்குப் பக்கம் தப்பித்தது. வெட்டுக்கிளி போன வருடத்தைவிடக் குறைவு. அம்மாவின் வலது முழங்காலுக்கு அக்டோபர் பதினான்காம் தேதி ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள், பெரிய விஷயம் இல்லை, ஆனாலும் அவள் இப்போதே ஆறு வாரத்துக்கு வேண்டிய சாப்பாட்டைச் சமைத்து உறைபெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள், ஏனென்றால் நான் முட்டையைத் தவிர எதையும் வேகவைத்துப் பார்த்ததில்லை. காட்டுச் செர்ரி இந்த வருடம் நன்றாகக் காய்த்தது, ஜாம் பதினெட்டு பாட்டில் ஆயிற்று. நாய்க்குக் காது கேட்பது குறைந்துவிட்டது, எனக்கும்தான், ஆனால் நாய் அதை ஒப்புக்கொள்கிறது என்கிறாள் உன் அம்மா.

இப்போது வண்டி. நாலு லட்சத்து முப்பத்தோராயிரம் மைல் ஓடிவிட்டது. எஞ்சின் இழுவையில் ஒரு குறையும் இல்லை, குளிர்காலத்தில்கூட சாவியைத் திருப்பினால் எழுந்துவிடும், ஆனால் ஒழுகாத இடம் என்று ஒன்று கிடையாது. முன்பக்க மூடி, பக்கத்துத் தகடு, வால்வு மூடிகள், அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேல் பின்பக்க சீல். நீ போனபிறகு நான் எண்ணெய் மாற்றியதே இல்லை என்று சொல்லலாம், ஊற்றிக்கொண்டே இருந்தேன், அது தானே கீழே போய்க்கொண்டே இருந்தது. சர்ச்சில் நாம் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் பாஸ்டர் சொட்டும் எண்ணெய்மேல் போட ஒரு வாளி மணல் கொண்டுவந்து வைத்துவிட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏ மனுஷா, ஊர்ல யாருக்கும் வைக்காத வாளி நமக்கு வெச்சிருக்காங்க, இதுக்கு மேல எனக்கு மானம் போக இடமில்லை, ஒண்ணு வண்டியைச் சரி பண்ணு, இல்ல நான் செல்மர் வண்டியில சர்ச்சுக்குப் போறேன்" என்றாள். பக்கத்துப் பண்ணை செல்மர் ஓட்டுவதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வண்டியில் ஏறமாட்டார்கள், அதனால் அவள் சும்மா சொல்லவில்லை என்று புரிந்தது. வைக்கோல் வேலை முடிந்ததும் ஜூலை முதல் வாரத்தில் எஞ்சினை வெளியே எடுத்தேன்.

டிராக்டரின் முன்பக்கத் தூக்கியில் சங்கிலி போட்டு, அம்மா டிராக்டரில் உட்கார்ந்து தூக்க, நான் கீழே நின்று கையைக் காட்டக் காட்ட, அரை டன் இரும்பு ஒரு மணி நேரத்தில் கொட்டகைத் தரைக்கு வந்துவிட்டது. பழைய ரயில் கட்டைகளை அடுக்கி அதன்மேல் உட்காரவைத்தேன். கழுவுவதற்கு மட்டும் மூன்று நாள். எண்ணெயும் கோதுமைத் தூசியும் நம் ஊர்க் களிமண்ணும் சேர்ந்து இருபத்தைந்து வருடமாகப் படிந்தால் அது அழுக்கு இல்லை, சுவர். அம்மா அடுப்படித் தட்டைக்கரண்டி போல ஒரு தகட்டை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாகச் சுரண்டினாள். கழற்றிய போல்ட்டுகளை எந்த மூடிக்கு எது என்று முட்டை அட்டைகளில் வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிவைத்ததும் அவள்தான். நான் செய்திருந்தால் எல்லாம் ஒரே காபி டப்பாவில் கிடந்திருக்கும். அடித்தொட்டியைக் கழற்றி டார்ச் அடித்துக் கீழிருந்து பார்த்தேன், சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையில் கீறிய குறுக்குக் கோடுகள் இன்னும் அப்படியே தெரிகின்றன. பிஸ்டனைத் தொடவேண்டிய அவசியமே இல்லை என்று முடிவு செய்தேன். எல்லா மூடிகளுக்கும் புது கேஸ்கெட், தண்ணீர் பம்ப் புதிது, பெல்ட்டும் ரப்பர் குழாய்களும் புதிது, டீசல் பீச்சும் இன்ஜெக்டர் ஆறையும் டவுனுக்கு அனுப்பிச் சோதித்து முனை மாற்றி வாங்கினேன், வால்வு இடைவெளியைத் தகடு வைத்து அளந்து சரிசெய்தேன். இவ்வளவுதான், பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. முன்பக்க மூடியைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அந்தச் சின்ன இரும்பு முளை உனக்கு ஞாபகம் இருக்கும், அதிர்ந்து அதிர்ந்து வெளியே வந்து கியருக்குள் விழுந்து எஞ்சினையே நொறுக்கிவிடும் என்று நீ பலமுறை சொல்லி நான் காதில் வாங்காத முளை, அது பாதி வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டி உள்ளே அனுப்பி, இனி வரமுடியாதபடி முன்னால் ஒரு தகடு வைத்து இறுக்கிவிட்டேன். அன்றைக்கே எனக்கு லேசாக உறைத்தது, இவன் சொன்னது ஒன்று சரியென்றால் இன்னும் எத்தனை சரியோ என்று.

பின்பக்கத்துக்கு வந்தேன். அந்த வருடம் நடந்ததை நான் ஒரு தடவை எழுதிப் பார்க்கவேண்டும், நீ பொறுத்துக்கொள். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியிருந்தோம், இறக்கியது இறக்கினோம் சீலையும் மாற்றிவிடலாம் என்று நீதான் சொன்னாய். சீலோடு வந்த காகிதத்தை நீ படித்துவிட்டு, "அப்பா, இதைக் காய்ஞ்சபடியே போடணுமாம்பா, எண்ணெயே படக்கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாய். நான், "நாப்பது வருஷமா டிராக்டருக்கு சீல் போடுறேன், எண்ணெய் தடவாம எவன்டா சீல் போடுவான், காகிதம் வந்து எனக்குச் சொல்லித் தருதாக்கும்" என்றேன். நீ சீலுக்குள் சுழலும் எஞ்சின் தண்டைத் துணியால் துடைத்துக் காயவைத்தாய். இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். நீ போல்ட் எடுக்க வீட்டுக்குப் போனாயே, அந்த இரண்டு நிமிடத்தில் நான் எண்ணெய்க் குப்பியில் கட்டை விரலை விட்டு சீலின் உள்விளிம்பான உதட்டைச் சுற்றித் தடவி வைத்தேன். உனக்குக் கெடுதல் செய்ய இல்லை, லோவெல். சின்னப் பையன், காகிதத்தை நம்பி எஞ்சினைக் கெடுத்துவிடப் போகிறான், நாம் சத்தமில்லாமல் சரிசெய்து வைப்போம் என்றுதான் நினைத்தேன். அதைச் செய்தது அப்புறம் என் ஞாபகத்திலேயே இல்லை, மூக்கைச் சொறிந்ததை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், எனக்கு அது அப்படிப்பட்ட காரியம். நீ திரும்பி வந்து, காய்ந்துதான் இருக்கிறது என்று நம்பி சீலை அடித்து உட்காரவைத்தாய்.

மூன்று வாரத்தில் அது ஒழுகி, கிளட்ச் எண்ணெயில் ஊறி, கன்றுகளை ஏலத்துக்கு ஏற்றிப்போன அன்று மேட்டில் வண்டி இழுக்கமாட்டேன் என்று நின்றது. பனியில் பதினான்கு கன்றுகளோடு நாம் இரண்டு மணி நேரம் நின்றோம், செல்மர் வந்து இழுத்துப் போனான். மறுநாள் காலை தானியக் கிடங்கு ஆபீசில், பத்து மணிக் காபிக்கு எல்லோரும் உட்கார்ந்து காபிக்கு யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டிக்கொண்டிருந்தபோது, நீ கதவைத் திறந்து உள்ளே வந்த அதே நேரத்தில், "என் பையனுக்கு ஒரு சீலை நேரா உக்கார வைக்க வரலை, இனிமே இவன் பேரு சொட்டு" என்று நான் சொன்னேன். மேஜையே சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் கிடங்கிலும் கடையிலும் சர்ச் வாசலிலும் நீ சொட்டுதான். இரண்டாவது சீலை நானே போட்டேன், அதுவும் எண்ணெய் தடவித்தான், அதுவும் ஒழுகியது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? பழைய சீலைக் கழற்றும்போது இவன் ஸ்க்ரூடிரைவரால் தண்டையே கீறிவிட்டான், இனி எந்த சீலும் நிற்காது என்று அதற்கும் உன் பேரைத்தான் சொன்னேன். நீ அந்தக் குளிர்காலம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. மார்ச்சில் போய்விட்டாய்.

இந்த ஜூலையில் தண்டைக் கழுவிப் பளபளவென்று துடைத்து, கீறல் எங்கே என்று நகத்தை வைத்துச் சுற்றிலும் தடவினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். லேசாகத் தேய்ந்த தடம் இருக்கிறது, கீறல் என்று ஒன்று கிடையாது. நீ கீறவே இல்லை. எனக்கு உடனே கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. புது சீலை எடுத்தேன், வழக்கம்போல விரல் எண்ணெய்க் குப்பிக்குப் போயிற்று. அதற்குள் என் கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்டு அழுக்காகிவிட்டதால் டப்பாவில் இருந்த காகிதத்தை அம்மா படித்துக்கொண்டிருந்தாள். "நிறுத்து, விரலை எடு, தண்டும் சீலும் சுத்தமா காய்ஞ்சிருக்கணும், எண்ணெய் கிரீஸ் எதுவும் தடவக்கூடாது, தடவினா ஒழுகும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு" என்றாள். நான் விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். கட்டை விரலைப் பார்த்ததும் ஆறு வருடத்துக்கு முன்பு செய்தது கண் முன்னால் வந்து நின்றது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு நீ என்ன பண்ணினே?" என்று கேட்டாள். ஞாபகமில்லை என்றேன். நாற்பத்து மூன்று வருடம் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்வது வீண் வேலை. அவள் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "ஆறு கிறிஸ்துமஸ், மனுஷா. ஆறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் தனியாக சீலைப் போட்டேன். கையைச் சோப்பால் இரண்டு தடவை கழுவினேன், தண்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன், உதட்டில் விரலே படாமல் அதோடு வந்த பிளாஸ்டிக் வளையத்தின்மேல் தள்ளிச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி உட்காரவைத்தேன். காய்ந்த சீலை அப்படிப் போடும்போது உடம்பே கூசியது, செருப்பில்லாமல் கூளத்தில் நடப்பது போல. எல்லாவற்றையும் மாட்டி எஞ்சினை வண்டிக்குள் இறக்கி, டீசல் ஏறும்வரை கையால் பம்ப் அடித்து, சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை முக்கியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. சத்தம் அருமையாக இருந்தது. அம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது உனக்கு ஒரு உண்மையைச் சொல்லவேண்டும், இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் வண்டிக்கு அடியில் படுத்து, கிளட்ச் மூடியின் அடியில் இருக்கும் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். எதற்கென்று நினைக்கிறாய்? ஒரு சொட்டாவது விழுந்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒழுகினால் அன்று தடவிய எண்ணெய் காரணம் இல்லை, நான் காரணம் இல்லை, எஞ்சினே அப்படித்தான் என்று எழுந்து போய்விடலாம். சொந்த வண்டி ஒழுகவேண்டும் என்று கையேந்தியவன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அறுவடை முழுவதும் ஓட்டினேன், கோதுமையை இழுத்தேன், மாட்டு டிரெய்லரைக் கட்டி அன்று கன்றுகளோடு நாம் நின்றுபோன அதே மேட்டில் ஏற்றினேன். நாற்பத்தோரு நாள் அடியில் படுத்தேன். விரல் ஒவ்வொரு நாளும் காய்ந்தே வந்தது.

போன வியாழக்கிழமை காபி நேரத்துக்குக் கிடங்குக்குப் போனேன். பகடை என் கைக்கு வந்ததும் அதை மேஜையில் வைத்துவிட்டு, "லோவெல் போட்ட சீல்ல தப்பு இல்லை, அவன் காய்ஞ்சதா போட்டான், அவனுக்குத் தெரியாம நான் எண்ணெய் தடவினேன், தண்டையும் அவன் கீறலை, கீறினான்னு நான் சொன்னது பொய்" என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கிடங்கு மேனேஜர் ரூபன், "அப்ப சொட்டு யாரு, நீயா?" என்று கேட்டான், நான்தான் என்றேன், அப்போது கொஞ்சம் சிரித்தார்கள், இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் செல்மர் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, "ஆர்லன், அந்தப் பையனை நாங்க அப்படிக் கூப்பிட்டது அப்பன் கூப்பிடுறானேன்னுதான். மத்த எவன் சொல்லியிருந்தாலும் நான் அவன் பல்லை உடைச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னது சரி.

உனக்கு அங்கே வீட்டைவிட உயரமான சுரங்க லாரிகளின் எஞ்சினை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்வாள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும், ஆனாலும் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். நீ நல்ல வேலைக்காரன், லோவெல். இருபத்திரண்டு வயதிலேயே என்னைவிட நல்ல வேலைக்காரனாக இருந்தாய். அது தெரிந்ததால்தான் என் வாய் அப்படி நீண்டதோ என்னவோ, அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். அது ஒரு வரியில் முடிகிற காரியம், அதை எழுத எனக்கு இத்தனை காகிதம் வேண்டியிருந்தது. இந்த வண்டிக்காக நீ வரவேண்டாம், அது ஓடுகிறது. அம்மாவின் முழங்காலுக்காகவும் கட்டாயம் இல்லை. உனக்கு வரத் தோன்றினால் வா, தோன்றாவிட்டால் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வெயிலில் தொப்பி போடு, தண்ணீர் குடி, அந்தப் பெரிய வண்டிகளுக்கு அடியில் போகும்போது முட்டுக்கட்டை வைக்காமல் போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைகளுக்கு ஒரு பழுதும் வராமல் வைத்திருக்கட்டும்.

ஒன்றே ஒன்றை மறக்காதே. நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மணி அடித்தவுடன் நான் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று அம்மாவிடம் சொல்வேன். ஆறு வருடமாக எந்த மாட்டுக்கும் அந்த நேரத்தில் தாகம் எடுத்ததில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு எந்த வாரம் வரும் என்று தெரியாததால், இனிமேல் எல்லா ஞாயிறும் நானே போனை எடுக்கிறேன். என் குரல் கேட்டு நீ வைத்துவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடு, அப்போது அம்மா எடுப்பாள்.

என்றும் உன் அப்பா,
ஆர்லன்